முன்பின் அறியாதவர் சான்றிதழ்

பாதி இறங்கிவிட்ட இரும்பு ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே மேஜை அக்கா தன் வலது காலை நீட்டினாள். ஷட்டர் நின்றது. கால் தப்பியது. செருப்பு தப்பவில்லை.

"காலை எடுங்க, மேடம். நான் மூடலை. ஒழுங்கா மூடுதான்னு தினமும் காலையில ஒரு தடவை இறக்கிப் பார்ப்பேன், அவ்வளவுதான்," என்றார் காவலாளி.

"மணி என்ன?"

"ஒன்பது ஐம்பத்தெட்டு."

"நான்தான் முதல் ஆளா?"

காவலாளி யோசித்தார். "இன்னைக்குக் கேக்கறீங்களா, இந்த மாசத்துக்குக் கேக்கறீங்களா?"

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு முத்திரை வேண்டும். கிடைக்காவிட்டால், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நீள அறையின் சாவியை மாநகராட்சியிடமே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த அறையில் இரண்டு டேபிள் டென்னிஸ் மேஜைகள், பதினோரு மட்டைகள், நூல் போட்டு முடிச்சு முடிச்சாகத் தைத்த ஒரு வலை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து வீட்டில் யாராவது வந்து பூட்டைத் திறக்கும்வரை போக்கிடம் இல்லாத இருபத்தெட்டுப் பிள்ளைகள். விளையாடுவார்கள், சண்டை போடுவார்கள், வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சில நாள் ஒன்றும் பேசாமல் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். 'மேஜை அக்கா' அவர்கள் வைத்த பெயர். எட்டு வருஷத்தில் அது ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது.

சாவி திரும்பி வராவிட்டால் அங்கே உடைந்த நாற்காலிகளை அடுக்குவதாக மாநகராட்சி முடிவு செய்திருந்தது. நாற்காலிகளிடம் யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை.

மாநகராட்சியின் கடிதம் தெளிவாகவே இருந்தது. அறையால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டு என்று ஓர் ஆய்வாளர் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தார், ஆய்வாளர் எண் எழுபத்தேழு, நாற்பத்தாறு பக்கம். ஆனால் அது போதாது. அந்த ஆய்வாளரையும் அறையை நடத்துகிறவரையும் இந்த ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் மன்றம் முறைப்படி இணைத்திருக்க வேண்டும். இணைக்கும் நாள்வரை இருவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களாக இருக்க வேண்டும். 'தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எழுதித் தருவது ஆய்வு ஆகாது. உபகாரம் ஆகும்' என்று விதி பதினான்கு சொன்னது. மீறினால் இரண்டு வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

மன்றத்தின் முழுப்பெயர், இளைஞர் மேம்பாட்டின் பொருட்டு ஆய்வாளர்களையும் களப்பணியாளர்களையும் ஒருங்கிணைக்கும் உயர்நிலை மன்றம். பெயர்ப்பலகை கட்டடத்தின் அகலத்துக்குள் அடங்கவில்லை. 'மன்றம்' என்ற சொல் பக்கத்துத் தையல் கடையின் தலைக்கு மேல் தொங்கியது. அதை நம்பி உள்ளே போகிறவர்களைத் தையல்காரர் அளவெடுத்து அனுப்பிவிடுவதாகக் கேள்வி.

"களமா, ஆய்வா?" என்றார் காவலாளி.

"அப்படின்னா?"

"களப்பணியாளர்னா இடது கதவு. ஆய்வாளர்னா வலது. ரெண்டு பேரும் ஒரே கதவுல வந்தா பேசிக்குவாங்க, மேடம்."

"பேசிக்கிறதுக்குத்தானே இந்த மன்றம்?"

காவலாளி குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ஒரே ஹால்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு டீ மெஷின். ஒருநாள் ஒரு ஆய்வாளரும் ஒரு விடுதி வார்டனும் டீ பிடிக்கப் போன இடத்துல பேசி, பசங்க ஏன் ராத்திரி தூங்கறதில்லைன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு ஒரு வழியும் பண்ணிட்டுப் போயிட்டாங்க. ஒரு விண்ணப்பம் இல்லை, ஒரு எண் இல்லை. விசாரணை வச்சாங்க. மெஷினை எடுத்துட்டு நடுவுல சுவர் வச்சாங்க. இப்போ ரெண்டு மெஷின்."

உள்ளே சுவர் இருந்தது. பாதிக்கு மேல் மங்கல் கண்ணாடி. முதல் மேஜையில் மொழியாக்க அலுவலர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. களத்தில் நடப்பதை ஆய்வாளருக்குப் புரியும் பாஷையில் எழுதுவது அவர் வேலை.

"நீங்க என்ன செய்யறீங்க?"

"அறையைத் திறக்கிறேன். பசங்க வராங்க."

"வராங்கன்னு எழுத முடியாது. அவங்களுக்குப் புரியாது." அலுவலர் எழுதினார்: 'வளரிளம் பருவத்தினர் கட்டாயமின்றித் தம் வருகையை நிகழ்த்துகின்றனர்.' "அப்புறம்?"

"விளையாடறாங்க."

'விதிகளுக்கு உட்பட்ட பந்துப் பரிமாற்றத்தில் ஈடுபடுகின்றனர்.' "அப்புறம்?"

"சில பேர் அழுவாங்க. நான் பக்கத்துல போய் உட்காருவேன்."

பேனா நின்றது. "உட்கார்ந்து?"

"உட்கார்ந்திருப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

அலுவலர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி அகராதியைப் புரட்டினார். தடித்த அகராதி. மூன்று தடவை புரட்டிவிட்டு மூடினார். "இதுக்கு எங்ககிட்ட சொல் இல்லை, மேடம். விட்டுடலாமா?"

"அதை விட்டுட்டா மிச்சம் இருக்கிறது ரெண்டு மேஜைதாங்க."

அலுவலர் இளகினார். 'பிற' என்று எழுதிக்கொண்டார்.

அதே நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல், "பள்ளிக்குப் பிந்தைய நேரத்தில் வளரிளம் பருவத்தினரின் தன்னார்வ வருகை..." என்று சொல்லிக்கொண்டிருந்தது. "களத்துக்குப் புரியாது, சார். 'பசங்க வராங்க'ன்னு போட்டுக்கறேன்," என்றது இன்னொரு குரல். சுவரின் அடியில் ஒரு சின்னத் திறப்பு இருந்தது. இரண்டு தாள்களும் அதன் வழியாக ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு பக்கம் மாறின. மணி பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

பிறகு சாப்பாட்டு இடைவேளை. களத்துக்கு ஒரு மணிக்கு, ஆய்வுக்கு ஒன்றரை மணிக்கு. இரண்டும் ஒன்றாக வந்தால் வாசலில் சந்தித்துவிடும் அபாயம் இருந்தது.

பொருத்த அலுவலர் உருண்டையான மனிதர். எதிரே கணினி. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுபத்தேழாம் எண் ஆய்வாளரைக் கேட்டிருக்கீங்க. அவரும் உங்க எண்ணையேதான் கேட்டிருக்கார். நூத்தித் தொண்ணூறு பேர் பட்டியல்ல இது எப்படி?"

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "எங்க அறையைப் பத்தி எழுதினவர் அவர் ஒருத்தர்தான்னு மாநகராட்சிக் கடிதத்துலயே இருக்குங்க."

"மூணு வருஷம் நூலக வாசல்ல உட்கார்ந்து கவனிச்சு எழுதினதா அவர் சொல்றார். மூணு வருஷமா ஒரு ஆள் வாசல்ல உட்கார்ந்திருக்கார். நீங்க பார்த்ததே இல்லையா?"

"பார்த்தேன்னு சொன்னா முத்திரை கிடைக்குமாங்க?"

"கிடைக்காது."

"அப்போ பார்க்கலைங்க."

"நல்லது. களப்பணியாளர் கண்ணுலயே படாம செய்யறதுதான் சுத்தமான ஆய்வு." அவர் திருப்தியாகத் தட்டச்சு செய்தார். "இப்போ பொருத்தம் பார்ப்போம். நாற்பது கேள்வி. மனசுல பட்டதைச் சொல்லுங்க. மின்விசிறி ரெண்டுல சுத்தணுமா, அஞ்சுலயா?"

"அஞ்சு."

"ஒரு வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி பட்டியல் போடுவீங்களா?"

"தொடங்கினதுக்கு அப்புறம் போடுவேன்."

"ஒருத்தர் பேசும்போது நடுவுல பேசுவீங்களா?"

"அவர் எவ்வளவு நேரம் பேசறார்ங்கறதைப் பொறுத்து."

இப்படி நாற்பது. கணினி கொஞ்ச நேரம் உறுமியது. பொருத்த அலுவலரின் முகம் விழுந்தது.

"முப்பத்தியொரு சதவீதம். குறைஞ்சது நாற்பது வேணும், மேடம்." பெரிய டாக்டர் கெட்ட செய்தி சொல்கிற தோரணையில் முன்னால் சாய்ந்தார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். இந்த மனுஷரோட உங்களுக்கு ஒத்தே போகாது. நீங்க சொல்றதை அவர் காதுல வாங்கவே மாட்டார்னு வருது."

"அது சரிதான்," என்றாள் அவள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கணினியைக் கைகாட்டினாள்.

"கணினி பொய் சொல்லுமாங்க?"

பொருத்த அலுவலருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணினியை நம்பி இந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரையும் அவர் அன்றுவரை பார்த்ததில்லை. நாற்பதுக்குக் கீழே வந்தவர்களுக்கென்று ஒரு குறுக்குவழி இருப்பதை அவரே சொன்னார். பரஸ்பர சகிப்பு உறுதிமொழி. 'எதிர்த்தரப்பினர் எவ்வளவு நேரம் பேசினாலும் குறைந்தது பாதியைக் கேட்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒன்பது சதவீதம் ஏறும். அவள் போட்டாள். சுவரின் திறப்பு வழியாகத் தாள் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அங்கேயும் கையெழுத்து விழுந்திருந்தது. கணினி சரியாக நாற்பது என்றது.

மணி இரண்டு ஐம்பது.

அடுத்தது நேர்முக அறியாமைச் சோதனை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் மேஜை. ஓரத்தில் சோதனை அலுவலர், கையில் நிறுத்தற்கடிகாரம். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பழக்கம் உண்டென்றால் முகத்தில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிடிப்பதற்கு அவர் வெளியூரில் போய்ப் பயிற்சி எடுத்து வந்திருந்தார்.

எழுபத்தேழு உள்ளே வந்தார். ஒல்லி, முன்நெற்றி ஏறியிருந்தது, கையில் நாற்பத்தாறு பக்கம். சட்டையில் மூன்றாவது பொத்தான் நான்காவது ஓட்டையில் மாட்டியிருந்தது. அவளுடைய கை தானாக எழுந்தது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் சட்டையை இழுத்துச் சரிசெய்கிற கை. அவள் அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்தாள்.

"தொடங்கலாம்," என்றார் சோதனை அலுவலர்.

பத்து நொடி. இருபது நொடி. அலுவலர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பதாவது நொடியில் எழுபத்தேழு கொட்டாவி விட்டார். ஐம்பதாவது நொடியில் அது அவளையும் தொற்றியது.

'ஆர்வம் இல்லை. வியப்பு இல்லை. சலிப்பு மட்டுமே காணப்படுகிறது' என்று அலுவலர் எழுதினார். "சந்தேகமே இல்லை. ரெண்டு பேருக்கும் நடுவுல எந்த உறவும் கிடையாது." முன்பின் அறியாதவர் சான்றிதழில் பச்சை மை விழுந்தது.

"அவ்வளவுதானே?" என்றாள் மேஜை அக்கா.

"அவ்வளவுதான். இனி தலைவர் இணைப்பார்."

தலைவர் மேல்மாடியில் இருந்தார். மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள், நிரம்பியிருந்தவை ஏழு. எல்லாம் மன்றத்து ஊழியர்கள். இந்த வருஷத்தின் முதல் இணைப்பு என்பதால் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். நிறுத்துவதற்குச் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டினார். மணி மூன்று முப்பத்தைந்து.

"நண்பர்களே, இந்த மன்றத்துக்கு இன்னைக்குப் பதினேழு வயசு. தொடங்கினப்போ எதிர்ப்பு இருந்துச்சு. ஆய்வாளருக்கு ஒண்ணு தெரியும், களப்பணியாளருக்கு ஒண்ணு தெரியும், ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினா போதாதான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், போதும், அதனாலதான் அதை அனுமதிக்கக் கூடாது. அவங்களே பேசிக்கிட்டா நாம எதுக்கு?"

ஏழு பேரும் கைதட்டினார்கள்.

"பதினேழு வருஷத்துல இந்த மன்றம் ஒரு இளைஞரைக்கூடத் தொந்தரவு செஞ்சதில்லை. இதைப் பெருமையோட சொல்றேன். மன்றம் தொடங்கினப்போ இளைஞரா இருந்தவங்களுக்கெல்லாம் இன்னைக்கு முப்பது, முப்பத்தஞ்சு வயசு. எல்லாரும் மேம்பட்டுட்டாங்க. எப்படி? பொறுமை. நாம பொறுமையா இருந்தோம், அவங்க வளர்ந்துட்டாங்க."

மறுபடியும் கைதட்டல். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுபத்தேழும் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை சோதனை வந்துச்சு. ஒரு பையன் நேரா வாசலுக்கே வந்துட்டான். பதினஞ்சு வயசு இருக்கும். உதவி வேணும்னான். நம்ம காவலாளி கேட்டார், களமா, ஆய்வான்னு. அவனுக்குச் சொல்லத் தெரியலை. ரெண்டு கதவுலயும் விட முடியாது. அவன் அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டான். அந்த நெருக்கடியிலயும் நம்ம நடைமுறை ஒரு அங்குலம் வளைஞ்சு கொடுக்கலை, நண்பர்களே. அந்த இடத்துல நானா இருந்தா ஒருவேளை இளகியிருப்பேன். காவலாளிக்கு விருது கொடுத்தோம்."

கதவோரம் நின்றிருந்த காவலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கைதட்டியவர்கள் ஆறு பேர். மொழியாக்க அலுவலர் தன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சு நாலு இருபத்திரண்டுக்கு முடிந்தது. பிறகு நாடா. மற்ற விழாக்களில் நாடாவை வெட்டுவார்கள். இங்கே முடிச்சுப் போடுவது வழக்கம். அவள் மணிக்கட்டில் ஒரு முனை, எழுபத்தேழின் மணிக்கட்டில் மறுமுனை, நடுவில் தலைவர் தன் கையால் முடிச்சு.

"இதுவரைக்கும் இந்த ரெண்டு பேரும் யாரோ, எவரோ. இந்த நொடியிலேருந்து ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு. ஏதாவது சொல்லணுமா, மேடம்?"

"முத்திரை," என்றாள்.

முத்திரை விழுந்தது. நாடாவை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கும்போதுதான் பின்னால் மூன்றாவதாக ஒரு ஜோடிக் காலடி கேட்டது.

"நான் இணைப்புக் கண்காணிப்பாளர்," என்றார் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்தவர். "முதல் ஒரு மணி நேரத்து உரையாடலைக் குறிச்சுக்கணும். நான் இல்லைன்னு நினைச்சுப் பேசுங்க. ஆனா எனக்குக் கேக்கற மாதிரி பேசுங்க."

மாநகராட்சி அலுவலகம் நாலு தெரு தள்ளி. மணி நாலு இருபத்தெட்டு. அவள் ஏறக்குறைய ஓடினாள். எழுபத்தேழு பின்தங்கினார்.

"கொஞ்சம் மெதுவா நடக்கலாமா, மேடம்?"

"உங்களுக்கு எப்பவும்..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்காணிப்பாளரின் பேனா காகிதத்தைத் தொட்டபடி நின்றது. "...ஆய்வாளர்களுக்கெல்லாம் எப்பவுமே அவசரம் கிடையாதுங்களா, சார்?"

'நடை வேகம் குறித்து ஆக்கபூர்வமான கருத்துப் பரிமாற்றம்' என்று நோட்டில் ஏறியது.

இரண்டாவது தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சுற்றிப் போக வேண்டியிருந்தது. மூன்றாவதில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தேழு அதற்குள் தன் நாற்பத்தாறு பக்கத்தின் முடிவுரையை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தார். "அந்த அறைக்கு வர்ற பசங்க மத்தவங்களைவிட ஸ்கூலுக்கு லீவு போடறது குறைவு, மேடம். காரணம் என்னன்னு முப்பது பக்கம் தேடினேன். கடைசியில கிடைச்சது ஒரு வரிதான். அங்க ஒருத்தர் தினமும் இருக்காங்க. அவ்வளவுதான் காரணம்."

அவள் நடையை நிறுத்தவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தாள். அந்த வரியை அவள் அதுவரை படித்திருக்கவில்லை. நாற்பத்தாறு பக்கத்தையும் ஒருநாள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்ததோடு சரி.

மாநகராட்சி வாசலில் கண்காணிப்பாளர் சட்டென்று நின்றுவிட்டார்.

"உள்ள வரலையாங்க?"

"வர முடியாது, மேடம். மாநகராட்சிக்கும் எங்களுக்கும் இன்னும் இணைப்பு ஏற்படலை. விண்ணப்பம் ஆறு வருஷமா நிலுவையில இருக்கு." அவர் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, வாசற்படிக்குச் சரியாக ஒரு சாண் தள்ளி நின்றார்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. கட்டட ஒதுக்கீட்டுப் பிரிவில் ஒரே ஒரு குமாஸ்தா. பையைத் தோளில் மாட்டி, எழுந்திருக்கும் தறுவாயில் இருந்தார். அறையின் சாவியை ஏற்கெனவே அவரிடம் கொடுத்து வைக்கும்படி ஆகியிருந்தது. அது மேஜை மேல், எண் எழுதிய அட்டைத் துண்டு ஒன்று கட்டியபடி கிடந்தது.

குமாஸ்தா பையைக் கழற்றினார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இணைப்பு முத்திரை, சரி. சகிப்பு உறுதிமொழி, சரி. முன்பின் அறியாதவர் சான்றிதழ், பச்சை மை, சரி.

"இங்க எல்லாம் எண்ணாத்தான் இருக்கு. எங்களுக்கு எண் செல்லாது. ரெண்டு பேரும் வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

காலையிலிருந்து மன்றம் கேட்காத ஒரே கேள்வி அதுதான். கடிகாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அவள் மளமளவென்று எழுதினாள். எழுபத்தேழும் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் தலையை நிமிர்த்தினார்கள். அதற்குள் தாள் குமாஸ்தாவின் கைக்குப் போயிருந்தது.

குமாஸ்தாவின் விரல் முதல் வரியில் ஊர்ந்தது. இரண்டாவது வரியில் ஊர்ந்தது. மறுபடி முதல் வரிக்குப் போனது.

"தெரு ஒண்ணு," என்றார். "கதவு எண் ஒண்ணு. மாடியும் ஒண்ணு."

வாசலுக்கு வெளியே கண்காணிப்பாளர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். மணி நாலு ஐம்பத்தாறு. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் இந்நேரம் பூட்டிய கதவுக்கு முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குமாஸ்தா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என் வேலை, விலாசம் எழுதியிருக்கான்னு பார்க்கிறது. ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பார்க்கிறது அந்த மேஜை." தூசி படிந்த ஒரு வெற்று மேஜையைக் காட்டினார். "அந்த மேஜைக்கு இன்னும் ஆள் போடலை."

முத்திரை விழுந்தது. சாவி மேஜையில் நகர்ந்து அவள் பக்கம் வந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

குமாஸ்தா மறுபடி பையை மாட்டினார். ஆனால் மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்குப் போனா தூக்கம் வராது, அதான் கேக்கறேன். கை தவறி எழுதிட்டீங்களா?"

"இல்லைங்க," என்றாள் மேஜை அக்கா. "இவர் என் வீட்டுக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க சித்தி இணைச்சு வச்சாங்க. அவங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு."